ஆஷாவின் மாத்திரைப் பாடம்

"ஏன்னா, நீங்களே ஒரு தடவை முழுங்கிக் காமிங்கோ. உங்களைப் பாத்தாவது கொழந்தை படிக்கட்டும்."

அனந்தலக்ஷ்மி கணவன் முன்னால் இரண்டு மாத்திரைகளை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். ஒன்று மகள் ஆஷாவின் விட்டமின். மற்றது அவருடைய பிரஷர் மாத்திரை.

ஸ்ரீநிவாஸ் மாத்திரைகளை மெல்ல ஓரமாக நகர்த்தினார். ஆபீஸில் ஒரு செக்‌ஷனையே மிரட்டி மேய்க்கும் அந்த மனுஷருக்கு மாத்திரை முழுங்க வராது. வீட்டில் ஒருவருக்கும் தெரியாத ரகசியம் இது. தினமும் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கொல்லைக்குப் போவார். கறிவேப்பிலைச் செடியடியில் துப்பிவிட்டு வருவார். செடி செழித்தது. பிரஷர்தான் இறங்கவில்லை. வெட்கங்கெட்ட பிழைப்பு என்று அவருக்கே தெரியும். ஆனால் இந்த வயசில் இதைப் போய்ப் பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வது?

"முதல்ல ஜீரக மிட்டாய்ல பழகலாம்" என்றார், தள்ளிப்போடும் எண்ணத்தில்.

ஆஷா ஒரு பிடி மிட்டாயை நறநறவென்று மென்று தின்றாள். "மெல்லாம முழுங்கறது எப்படிப்பா? நீ காமி."

ஒன்றை நாக்கில் வைத்து, அண்ணாந்து, செம்பை உயரத் தூக்கித் தண்ணீர் விட்டார். பாத்திரத்தில் வாய் வைத்து யாரும் எச்சில் பண்ணக் கூடாது என்பது அந்த வீட்டில் அவர் போட்ட சட்டம். தண்ணீர் மூக்கில் ஏறியது. மிட்டாய் சட்டைப்பையில் விழுந்தது.

"மிட்டாய் வழுக்கறது. பழத்துல வெச்சா ஈஸி."

வாழைப்பழத் துண்டில் பிரஷர் மாத்திரையைச் செருகி வாயில் போட்டார். பழம் சமர்த்தாக உள்ளே போயிற்று. மாத்திரை மட்டும் நாக்கிலேயே உட்கார்ந்து கரையத் தொடங்கியது. கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு!

மெல்ல எழுந்து கொல்லைப் பக்கம் நழுவினார். ஆஷா குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கப்பா போறே? துப்பறதுக்கா?"

மானம் போயிற்று. செம்பில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கசப்புத் தாங்காமல், கைக்கு அகப்பட்ட மகளின் ஸ்கூல் பாட்டிலில் வாய் வைத்து மடக்கென்று குடித்தார்.

நாக்கால் துழாவிப் பார்த்தார். மாத்திரையைக் காணோம். போனதே தெரியவில்லை!

சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது. சட்டம் போட்டவரே எச்சில் பண்ணியாயிற்று, அதுவும் குழந்தை கண்ணெதிரில்.

"ஆஷா," என்றார் தலை குனிந்தபடி, "அப்பாவுக்கும் குளிகை முழுங்கத் தெரியாதுடீ. இன்னிக்குத்தான் வந்தது. அம்மாட்ட சொல்லிடாதே. நீயும் இப்படி வாய் வெச்சே குடி, பேடிக்காதே, ஒண்ணும் பயமில்லே."

ஆஷா பாட்டிலை வாங்கினாள். விட்டமினை வாயில் போட்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். பாடம் பலித்துவிட்டதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அவளோ அடுக்களைப் பக்கம் திரும்பி உரக்கக் கத்தினாள்:

"அம்மா, அப்பா முழுங்கியாச்சு! இனி நான் முழுங்கத் தெரியாத மாதிரி நடிக்க வேண்டாமோல்லியோ?"