சாப்பிட முதல் விளக்குபவர்

பசிக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, ருசிக்குச் சாப்பிடுகிறவர்கள் உண்டு, படம் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. அவர்களை விடுங்கோ. நான்காவதாக ஒரு இனம் இருக்கிறது: விளக்க அங்கிள். இந்த இனம் சாப்பாட்டுக்கு முன்னுரை சொல்லும். முன்னுரை முடிவதற்குள் சாப்பாடு செத்துப்போகும்.

நேரில் பார்க்க ஆசையா? கனடாவின் மார்க்கம் நகரத்தில் நாற்பது வருசமாக நடக்கிற மலேசிய ஹொக்கியன் நூடில்ஸ் கடைக்கு ஞாயிறு மத்தியானம் போங்கோ. மூலை மேசையில் குலசிங்கம் இருப்பார். கனடா வருகிற வழியில் ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கோலாலம்பூரில் எட்டு மாதம் முடக்கி வைத்திருந்த ஆள். மற்றவர்களுக்கு அது துன்பம். இவருக்கு அது பட்டப்படிப்பு. "நான் மலேசியாவில இருக்கேக்க" என்று தொடங்கினாரென்றால் பக்கத்து மேசைக்காரர் பில் கேட்பார்கள்.

அன்றைக்கு மகள் சுபாங்கிக்குச் சோதனை நாள். தான் கட்ட விரும்புகிற ஜெனோசனை முதல்முறை அப்பாவுக்குக் காட்டுகிறாள். அப்பா சொன்னது ஒரே வசனம்: "கடைக்குக் கூட்டிக்கொண்டு வா. சாப்பிடேக்க பாத்தா ஆளைத் தெரியும்." போன வருசம் அக்காவின் ஆள் இதே மேசையில் முள்ளுக்கரண்டி கேட்டவன். அக்கா இன்னும் தனியத்தான் இருக்கிறாள்.

ஜெனோசன் மிசிசாகாவிலிருந்து, நெரிசலில் ஊர்ந்து, காலைச் சாப்பாடும் இல்லாமல் வந்து சேர்ந்தான். தட்டுகளும் வந்தன. மொத்தமான நூடில்ஸ், கறுத்த சோயாவில் பிரண்டு, மினுங்கிக்கொண்டு, இறாலும் கோவா இலையும் எட்டிப் பார்க்க, ஆவி முகத்தில் அடித்தது. மேலே பொரித்த பன்றிக்கொழுப்புத் துண்டுகள். அம்மா மங்கையற்கரசி கோயில் ஆள். துண்டுகளைப் பொறுக்கிப் பொறுக்கி அப்பாவின் தட்டில் போட்டார். ஒன்று எப்படியோ வழி தவறி அம்மாவுடைய வாய்க்குள்ளேயே போய்விட்டது.

"பொறுங்கோ!" குலசிங்கத்தின் கை உயர்ந்தது. "ஒருத்தரும் தொடாதேங்கோ. முதல்ல விளங்கிக்கொள்ளுங்கோ. உதில முக்கியமான விசயம் என்னெண்டா, சூட்டோட சாப்பிடவேணும். இரும்புத் தாச்சியில இருந்து நேர வாய்க்கு!"

பிறகு தொடங்கியது விளக்கம்: சீனாவிலிருந்து ஹொக்கியன் சனம் ஏன் கப்பலேறியது, கரி அடுப்பு எப்படி எரியவேணும், சோயா எந்த நிமிசத்தில் விழவேணும், நூடில்ஸை ஏன் கடிக்காமல் உறிஞ்சவேணும், உறிஞ்சும்போது மூக்கு என்ன செய்யவேணும்.

"இஞ்சேருங்கோ, ஆறுது" என்றார் மங்கையற்கரசி.

"அதைத்தானே சொல்லுறன்! ஆறினா ஒண்டுக்கும் உதவாது!"

ஜெனோசன் குச்சியை எடுத்தான். சுபாங்கி கண்ணால் தடுத்தாள். அவன் பார்க்கவில்லை. மேசைக்கு அடியில் எட்டி உதைத்தாள்.

"ஆ! ஆரடி அது?" என்றார் அம்மா.

விளக்கம் மூக்கை விட்டு இறங்குவதற்குள் ஜெனோசனின் தட்டு பளபளவென்று காலி. குலசிங்கம் வசனத்தின் நடுவில் நின்றார்.

"தம்பி, நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை."

"ஓம் அங்கிள், சொறி. சூட்டோட சாப்பிடவேணுமெண்டு நீங்கதான் சொன்னீங்க. கேட்ட உடன பயந்திட்டன்."

சுபாங்கி கண்ணை மூடிக்கொண்டாள். வீட்டு சோபாவில் அக்கா தள்ளி இருந்து இடம் விடுவது தெளிவாகத் தெரிந்தது.

குலசிங்கம் அந்த வெறும் தட்டைப் பார்த்தார். கட்டிபட்டுக் கிடந்த தன் தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"முப்பது வருசமாச் சொல்லுறன். இந்தக் குடும்பத்தில ஒருத்தர்... ஒருத்தராவது நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீங்களா?" மூக்கை உறிஞ்சினார், இந்தமுறை செய்முறை விளக்கம் இல்லை. "சுபா, இவன் கேக்கிறான். கலியாண மண்டபத்தைப் பாருங்கோ."

மகள் மேசையென்றும் பாராமல் அப்பாவைக் கட்டிப்பிடித்தாள். சோயா இரண்டு பேருடைய சட்டையிலும்.

சிரிக்கிறீங்கள். நல்லது. ஆனால் இதை வாசித்துவிட்டு, "உது அப்பிடியே எங்கட சித்தப்பா, ஏனெண்டு சொல்லுறன் கேள்" என்று பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவருக்குத் தொடங்கிவிட்டீங்களா? ஒருக்கா அவருடைய கையைப் பாருங்கோ. வாய்க்குப் போகிற வழியில் மரியாதைக்காக நிற்குதா?

வணக்கம், அங்கிள்.