மஞ்சள் மாட்டுக்கு என்ன வியாதி?

"டாக்டர், இந்த மாட்டுக்கு என்ன வியாதி?"

கால்நடை மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். கன்றுக்குட்டியோடு வந்தவர் சுவரில் இருந்த ஓவியத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு மஞ்சள் மாடு நாலு காலும் தரையில் படாமல் துள்ளியது. பக்கத்தில் சிவப்பு நாய். பின்னால் மலைபோல ஒரு நீலக் குதிரை.

வரைந்தது மருத்துவரின் மனைவி. மகள் வளர்ந்து ஆளாகும்வரை தொடாத தூரிகையை இப்போதுதான் மறுபடி எடுத்திருந்தாள். முதல் படத்தை, "உங்க கிளினிக்லதான் இருக்கணும்" என்று அவளே வந்து மாட்டிவிட்டுப் போனாள்.

"வியாதி இல்லீங்க. மனசுல தோணின நிறம்."

"மாட்டு டாக்டருக்கே மாடு மஞ்சளாத் தெரிஞ்சா, எங்க கதி?"

காத்திருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். மருத்துவருக்குச் சுருக்கென்றது. வாயில் வந்ததைச் சொன்னார்.

"சிரிக்காதீங்க. அது மஞ்சள் காமாலை. நாய்க்குக் கடும் காய்ச்சல். நோய் அறிகுறியைக் காட்டுற படம்!"

சிரிப்பு நின்றது. "அப்போ குதிரை?"

"விஷக்கடி. பிழைக்கிறது கஷ்டம்."

மறுநாள் கிளினிக்கில் கால் வைக்க இடமில்லை.

"டாக்டர், எங்க நாய் சிவந்துபோச்சு."

"அது பொறந்ததுலேருந்தே செவலைதானே?"

"இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்கு."

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு விலங்கின் கீழும் நோயின் பெயரை எழுதிச் சீட்டு ஒட்டினார். அதைப் படம்பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்கள். கூட்டம் தெருவரை நின்றது.

"எங்க கழுதை இன்னும் நீலமாகலை டாக்டர். ஆனா ஆகப்போற மாதிரியே மூஞ்சிய வச்சிருக்கு."

வேறு வழியில்லாமல் நர்ஸிடம் படத்தைக் கழற்றச் சொன்னார். "படம் எங்களுக்கு வேணும்!" என்று கூட்டம் கத்தியது. அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள்.

நர்ஸின் கையில் படம். அதில் சீட்டுகள்.

"உன் படத்தைப் பார்த்துச் சிரிச்சாங்கம்மா. எனக்குப் பொறுக்கல. அதான்..." என்று இழுத்தார் மருத்துவர்.

அவள் குதிரையின் சீட்டைப் படித்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி சீட்டைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"கண்காட்சியில வச்சிருந்தாக்கூட இத்தனை பேர் ஒவ்வொரு நிறத்தையும் இப்படி உத்துப் பார்த்திருக்க மாட்டாங்க. மறுபடி மாட்டுங்க. அடுத்ததையும் இங்கேயே கொண்டு வர்றேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே வண்ணம் வாங்கக் கிளம்பிவிட்டாள்.

மருத்துவருக்கு உயிர் வந்தது. "கோவிச்சுக்குவான்னு நினைச்சேன். எதுக்கு இப்படிச் சிரிக்கிறா?"

நர்ஸ் படத்தை நேராக மாட்டினாள்.

"படம் கொண்டுவந்த அன்னைக்கே சொன்னாங்க. மாடு அவங்களாம், நாய் உங்க பொண்ணாம், ரெண்டு பேரும் சாஞ்சுக்கத் தோதா, அந்த நீலக் குதிரை நீங்களாம் சார்."