சுங்கச்சாலைக்கு அடியில் ஒரு வழி

சாலைக் கம்பெனியின் வக்கீல் ரெத்னிங்சி அவர்களுக்கு, அதாவது என் கண்ணு நிங்குக்கு, கரங்சாரியிலிருந்து அப்பா வாகிமின் சலாம் சொல்லி எழுதுவது. நான் நலம், ஆடுகளும் நலம். ஜகார்த்தாவில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

அரசாங்கமும் உன் கம்பெனியும் கூட்டாகப் போட்ட சுங்கச்சாலை நம் ஊரை இரண்டாக வகுந்துவிட்டது. வீடு இந்தப் பக்கம், உன் அம்மாவின் கல்லறை அந்தப் பக்கம். சாலைக்கு அடியில் ஒரு வழி விடுங்கள் என்றால் அரசாங்கம் "கம்பெனியைக் கேளு" என்கிறது, கம்பெனி "ஒப்பந்தத்துல இல்ல, அரசாங்கத்தைக் கேளு" என்கிறது. லாபத்துக்குக் கூட்டுக் குடும்பம், வழி என்றால் தனிக்குடித்தனம். ஊரார் வழக்குப் போட்டோம், முதல் பெயர் என்னுடையது. நீதிபதி எடுத்த எடுப்பில், "சாலை போட ஊரைக் கேட்ட கூட்டத்துல ஏன் ஒருத்தரும் வேணாம்னு சொல்லல?" என்றார். எப்படிச் சொல்வது கண்ணு? கம்பெனி கந்தூரி வைத்து, மஞ்சள் சோறும் கோழியும் போட்டு, வீட்டுக்கும் பொட்டலம் கட்டிக் கொடுத்தது. ஜாவாக்காரன் எவனாவது உண்ட வாயால் "முடியாது" என்பானா? எல்லாரும் தலையை ஆட்டினோம். அதைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

நோன்பு மாதத்துக்கு முன் கல்லறையில் பூத் தூவ வேண்டுமே என்று போன வெள்ளிக்கிழமை வேலி ஏறினேன். இடுப்பில் கட்டிய சரோங் கம்பியில் மாட்டிக்கொண்டது. காவல்காரன் தர்யோனோ இறக்கிவிட்டு, "இந்த வயசுல சர்க்கஸா மாமா? ஆளு தாண்டக் கூடாது. பூவுக்குத் தடையில்ல, குடுங்க" என்றான். கம்பெனி வண்டியிலேயே வெகுதூரம் சுற்றிப் போய்த் தூவிவிட்டு வந்து, "நீங்க விசாரிச்சதாச் சொல்லிட்டேன்" என்றான். அழுதுவிட்டேன். அவளிடம் பேச எனக்கே ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

இனி எதிர்க்கட்சி வக்கீல் நீதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பெற்ற மகள் பிழைப்பில் மண்ணைப் போடுவேனா? என் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிடுகிறேன், கவலைப்படாதே. ஆண்டவன் உனக்கு நல்ல பசியும் நல்ல தூக்கமும் தரட்டும்.

உன் அப்பா,
வாகிமின்

பி.கு.: இதைத் தபால் பெட்டியில் போடுவதற்கு முன் கோர்ட்டுக்குப் போனேன். பெயரை அடிக்கப் பேனாவை வாங்கினேன், கை ஓடவில்லை. அடுத்த வருஷமும் உன் அம்மாவைப் பார்க்க தர்யோனோதான் போவதா? பெயரை எடுக்கவில்லை கண்ணு. செவ்வாய்க்கிழமை நீதான் என்னைக் குறுக்கு விசாரணை செய்வாய். விட்டுக்கொடுக்காமல் கேள், அதுதான் உன் தொழிலுக்கு நியாயம். நானும் விடமாட்டேன். ஆனால் கோர்ட்டில் என்னை "அப்பா" என்று மட்டும் கூப்பிட்டுவிடாதே. அப்படிக் கூப்பிட்டு நீ கேட்ட எதையும் நான் மறுத்ததில்லை.