பண்டாரி சமைத்த இரண்டாம் பாகம்

தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணியில் வெங்காயம் போகும், உருளைக்கிழங்கு போகும், சிமெண்ட் போகும். இவற்றோடு ஒரு டி.வி. சீரியலையும் ஏற்றிக்கொண்டு போன ஒரே மனிதர் எங்கள் பண்டாரிதான். சுங்கத்தில் யாரும் தடுக்கவில்லை. சரக்கு முழுவதும் அவர் வாயில் இருந்தது.

பண்டாரி என்றால் தோணியில் சமையல்காரர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். அவர் இருந்த தோணிக்குச் சரக்குப் பிடித்துக்கொடுக்கும் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த எனக்கே அது தெரியாது. குள்ளமான ஆள். தோணியிலிருந்து இறங்கினால் முதலில் வயிறு கரைக்கு வரும், பின்னாலேயே அவர் வருவார்.

சீரியலின் பெயர் வேண்டாம். கதாநாயகி சங்கரி என்று தெரிந்தால் போதும். மாமியாரிடம் படாத பாடு படுவாள், அதையும் அழகாகப் படுவாள். தோணி கரையில் நிற்கும் நாட்களில் பண்டாரி ஒரு சாயங்காலம்கூடத் தவறவிட மாட்டார். தோணி கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் செல்போன் சிக்னல் போய்விடும். சங்கரியை எந்த இடத்தில் விட்டுவிட்டு வந்தாரோ, அந்த இடத்திலிருந்து கதையைப் பண்டாரியே ஓட்டுவார். மீன் குழம்பு இறங்கியதும், தோணிக்குக் கேப்டனான தண்டல் உட்பட எல்லாரும் சட்டியைச் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கதையில் குறை சொன்னவனுக்கு மீனில் வால் துண்டு. "அடுத்து என்ன அண்ணாச்சி?" என்று கேட்டவனுக்கு நடுத்துண்டு. இலக்கிய விமர்சனத்துக்கு இவ்வளவு உடனடியாகப் பலன் கிடைத்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மாலத்தீவின் தலைநகர் மாலே போய்ச் சேர்ந்ததும் தண்டல் எங்கள் ஆபீசுக்குப் போன் செய்ய வேண்டும். ஒருமுறை முதலாளி பக்கத்தில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, வந்து சேந்தாச்சி. சரக்கு நல்லாருக்கு. அது கெடக்கட்டும், சங்கரி ஜெயில்லருந்து வந்துட்டாளா?"

"அவ ஜெயிலுக்கே போகலியே அண்ணாச்சி."

தண்டல் அந்தப் பக்கம் யாரையோ பார்த்துக் கத்தினார்: "ஏலே பண்டாரி! போவாத ஜெயிலுக்கா அந்தப் புள்ளைய நாலஞ்சு நாளா கம்பி எண்ண வச்ச? நான் சோறு எறங்காமக் கெடந்தேம்லே!"

முதலாளி மெதுவாக என் பக்கம் திரும்பி, "நம்ம தோணியில பொம்பள ஆளு யாருவே?" என்று கேட்டார். அவருக்குச் சங்கரியின் குடும்ப வரலாற்றை விளக்கி முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

பண்டாரிக்கு ஏன் சீரியல் மேல் இத்தனை பித்து என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. ஒருநாள் டீக்கடையில் அவரே சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து வருஷத்தில் பாதிக்கு மேல் அவர் கடலில், மனைவி ஜெயமேரி அக்கா கரையில்.

"முன்னெல்லாம் மாலேலருந்து போன் போட்டா, 'நல்லாருக்கியா'ம்பேன். 'இருக்கேன்'ம்பா. 'சாப்பிட்டியா'ம்பேன். 'சாப்பிட்டேன்'ம்பா. அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் ஒண்ணும் வராது தம்பி. வச்சிருவோம். இந்தச் சங்கரி வந்த பொறவுதான் எங்க வீட்டுல பேச்சுன்னே ஒண்ணு வந்துச்சி. விட்டுப்போன கதையெல்லாம் அவ சொல்லுவா. நான் மாமியாருக்குப் பரிஞ்சு பேசுவேன். சண்ட போடுவா பாரும், அப்படி ஒரு சண்ட!" சொல்லும்போதே முகமெல்லாம் பல்.

"சீரியல போன்லயே பாத்துக்கிடலாமே அண்ணாச்சி?"

"பாத்துட்டா அவகிட்ட என்னத்தக் கேக்க?" என்றார்.

அப்படிப்பட்டவர் தலையில்தான் சேனல்காரன் கல்லைத் தூக்கிப் போட்டான். வருகிற சனிக்கிழமை முதல் பாகம் நிறைவு. இரண்டாம் பாகம் உண்டா என்று கேட்டால் சேனலில் ஒருவன் உண்டு என்கிறானாம், இன்னொருவன் வாயே திறக்கவில்லையாம். சங்கரியாக நடிக்கும் பெண் சினிமாவுக்குப் போகிறாள் என்று ஒரு பேச்சு. பார்க்க ஆள் இல்லை என்று ஒரு பேச்சு. "ஆளு இல்லியா? நாங்க ஒரு தோணி ஆளு இருக்கோமே!" என்று பண்டாரி என்னிடம் சண்டைக்கு வந்தார், என்னவோ நான்தான் சேனலை நடத்துவது போல.

தோணி கிளம்ப வேண்டிய நாளும் அந்தச் சனிக்கிழமைதான். சரக்கு ஏறி, கயிறு கட்டி, எல்லாம் தயார். எங்கள் தோணியில் ஒரு பழக்கம். பண்டாரி அடுப்பைப் பற்றவைத்து, கஞ்சி பொங்கி, மாதா படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்த பிறகுதான் நங்கூரம் எடுப்பார்கள். அடுப்பு இருந்தது, அரிசி இருந்தது, மாதாவும் இருந்தாள். பண்டாரியைக் காணோம்.

"அவன இன்னைக்கு அதே அடுப்புல வைக்கேன்" என்று தண்டல் கிளம்பினார். ஆள்களும் பின்னாலேயே வந்தார்கள். அடிதடி ஆகாமல் பார்த்துக்கொள்ள நானும் போனேன். பண்டாரி வீட்டில் டி.வி. முன்னால் அவரும் ஜெயமேரி அக்காவும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே, காத்து மாறிரும், எந்திரில!"

"செத்த இரும் தண்டலே. அவ பிரேக் இல்லாத கார்ல ஏறிட்டா."

தண்டல் திரையைப் பார்த்தார். "எவன்ல பிரேக்க அறுத்தது?" என்று கேட்டபடியே உட்கார்ந்துவிட்டார். ஆள்களும் உட்கார்ந்தார்கள். அக்கா எழுந்து எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டார். அந்த நேரத்தில் கொழும்பையே எழுதி வைக்கிறேன் என்றாலும் ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கார் பள்ளத்தில் விழுந்தது. சங்கரியை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். திரை கறுத்து, 'முதல் பாகம் நிறைவு' என்று வந்தது. அதற்குக் கீழே வேறு எழுத்தே இல்லை. உடனே சோப்பு விளம்பரம்.

"அம்புட்டுதானா?" என்றார் அக்கா.

துறைமுகத்துக்கு நடக்கும்போது பண்டாரி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "இனி போன் போட்டு என்னத்த தம்பி பேச? நல்லாருக்கியா, சாப்பிட்டியா... திருப்பி அங்கனயே போயி நிக்கணும்." அன்று அவர் பொங்கிய கஞ்சியில் உப்பே இல்லை என்று தண்டல் பிறகு சொன்னார். மாதா ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் அந்தத் தெருப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் ஆபீசுக்குள் நுழைந்தார்கள். "தம்பி, மாலத்தீவுல ரெண்டாம் பாகம் ஓடுதாமே. அது எந்தச் சேனலு?"

நான் பண்டாரிக்குப் போன் போட்டேன்.

"என்ன செய்ய தம்பி? 'அந்தப் புள்ள பொழைச்சாளா'ன்னு ஒங்க அக்கா போன்ல அழுதா. 'பொழைச்சிட்டா'ன்னேன். 'ஒங்களுக்கு எப்படித் தெரியும்'னா. 'இங்கன ஓடுது'ன்னு வாயில வந்துட்டு. இப்ப தெனமும் கதை கேக்கா. சண்டையும் போடுதா." குரலில் கவலை கொஞ்சம்கூட இல்லை.

தோணி எப்போது திரும்பும் என்று கேட்க ஒருநாள் ஜெயமேரி அக்கா வந்தார். உண்மையைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். அக்காவே ஆரம்பித்தார்.

"அவிய கதை அளக்காவன்னு எனக்குத் தெரியாதாக்கும்? சங்கரி ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் மொதல்ல என்ன கேட்டாளாம் தெரியுமா? பாறை மீன் கொழம்பு! அவ சைவம்லா தம்பி!" சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் கண்டுபிடிச்சிட்டேன்னு சொல்லிராதிய. கூச்சப்பட்டு நிறுத்திருவாவ" என்றார்.

நான் சொல்லவில்லை. சங்கரி இன்றுவரை மாலேயில் பிழைத்துக் கிடக்கிறாள். மாமியாருக்கு மீன் ஆயக்கூடக் கற்றுக்கொடுத்துவிட்டாளாம். பண்டாரியையும் அக்காவையும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

போன வாரம் கடைத்தெருவில் அக்காவைப் பார்த்தேன். முகம் வாடியிருந்தது. சேனலில் நிஜமாகவே இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று விளம்பரம் போட்டுவிட்டார்களாம்.

"அத நிறுத்தணும்னா யாருகிட்ட சொல்லணும் தம்பி?"

தெரியவில்லை அக்கா என்றேன். தெரிந்திருந்தால் அவர் கேட்கும் முன்பே நான் போய்ச் சொல்லியிருப்பேன்.