கழுத்தில் மாட்டிய சம்பந்தி

கடவுளுக்கு முன்னால் மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. சம்பந்திக்கு முன்னால் மறைக்க நிறைய இருந்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, என் மகளின் நிச்சயதார்த்தத்தன்று, அந்த இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே வாயால் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். என் மனைவி சரோஜா எழுத வேண்டாம் என்றாள். எழுதாவிட்டால் மட்டும் யாருக்கும் தெரியாமலா இருக்கிறது?

நான் மலேசியாவில் ஜொகூர் மாநிலத்துத் தங்காக் ஊர்க்காரன். பக்கத்து ஊரான மூவாரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக நாற்காலிக்குக் கால் பொருத்துகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தேன். அதற்கு மேல் மூன்று வருடம் இடைநிலைப் பள்ளியில் உட்கார்ந்திருந்தேன் (படித்தேன் என்று சொன்னால் அந்த வாத்தியார்களுக்கு அடுக்காது). எங்கள் வீட்டில் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தது மகள் தர்ஷினிதான். நர்ஸ் வேலைக்கான தாதிப் படிப்பு மூன்று வருடம். ஜொகூர் பாருவில் மருத்துவமனை வேலை. அவள் வெள்ளை உடுப்பில் எடுத்துக்கொண்ட படத்தை நான் சாமி அறை வாசலிலேயே மாட்டி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை குமரன் தங்கமான பையன். ஜொகூர் பாருவில் வீடு எடுத்துத் தங்கி, தினமும் சிங்கப்பூர் போய் வேலை செய்துவிட்டு வருகிறவர். அவருடைய அம்மா பாக்கியம் பெக்கோக் என்ற சின்ன ஊரில் தனியாக இருந்தார். கணவர் போய் ஆறு வருடம். கல்யாணத்துக்குப் பிறகு மருமகள் வேலையை விட்டுவிட்டுப் பெக்கோக்கில் தன்னோடு இருக்க வேண்டும், பையன் சனி ஞாயிறு வந்து போகட்டும் என்பது அவர் கணக்கு. தர்ஷினிக்கு அதில் இஷ்டமில்லை. அதை மாமியாரிடம் அவளே சொன்னால் மரியாதையாக இருக்காது என்று என்னிடம் விட்டாள்.

"அப்பா, தட்டு மாத்துறதுக்கு முன்னாடி நீங்க கேட்டுடுங்க. அப்புறம் கேட்டா வாக்கு மீறுற மாதிரி ஆயிடும்" என்றாள்.

கேட்கிறேன் என்று பெரிதாகத் தலையாட்டிவிட்டேன். பிறகு சம்பந்தியம்மாவிடம் நான்கு தடவை போனில் பேசினேன். நான்கு தடவையும் மழை எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அவர் குரலைக் கேட்டாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நாம் ஒன்று கேட்டால் அவர் பத்துக் கேட்பார்.

நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சம்பந்தியம்மா குளியலறையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. தள்ளிப் போடலாமா என்று கேட்டோம். நல்ல காரியத்தைத் தள்ளக் கூடாது, நான் போனிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை. போனை நான்தான் பிடித்துக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் ஆட்டி ஆட்டிக் காட்டுவார்களாம், அவருக்குத் தலை சுற்றுமாம்.

பெண்ணைப் பெற்றவனுக்கு அன்றைக்கு எத்தனை வேலை! தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். வருகிறவர்களை இரண்டு கையாலும் கும்பிட வேண்டும். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறு கையால் கும்பிட்டால் அது கும்பிடுவதா, போலீஸ்காரருக்குச் சலாம் வைப்பதா?

முதலில் காரில் போன் வைக்கும் ரப்பர் ஸ்டாண்டைக் கழற்றி வந்து, ஹாலில் கண்ணாடி அலமாரி மேல் ஒட்டினேன். ஒட்டியது. திரும்பி நடந்தேன். முறுக்கு மாவுக்குள் விழுந்தது. அடுத்து என் மச்சான் கோபால், சரோஜாவின் தம்பி, ஒரு மூன்று கால் ஸ்டாண்டு கொண்டுவந்தான். நான் எப்படி நிறுத்தினாலும் அது அண்ணாந்து மேலே சுற்றும் மின்விசிறியையே பார்த்தது. அத்தனை வருடம் நாற்காலிக்குக் கால் பொருத்தியவனுக்கு இந்த மூன்று காலை அடக்கத் தெரியவில்லை.

"அந்தம்மா நிச்சயதார்த்தம் பாக்கவா, காத்தாடிக் காத்து வாங்கவா, மச்சான்?" என்று கோபால் கேட்டான்.

கடைசியில் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில், போன் உறை விற்கும் ஒரு சீனப் பெண்ணிடம் என் கஷ்டத்தைச் சொன்னேன். அவள் ஒரு வளையத்தை எடுத்து என் கழுத்தில் மாட்டினாள். கறுப்பு ரப்பர் சுற்றிய கம்பி, வளைத்தால் வளைந்த மாதிரி நிற்கிறது. முனையில் போனைக் கவ்விக்கொள்ள ஒரு பிடி. நெஞ்சுக்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் போன் தொங்கும்.

"இனி ஹேண்ட்ஸ் ஃப்ரீ, அங்கிள்" என்றாள்.

மலாயில் 'இனி' என்றால் 'இது'. தமிழில் 'இனி' என்றால் இனிமேல். இரண்டு மொழியிலும் அவள் சொன்னது எனக்கு நல்ல சகுனமாகவே பட்டது. வாங்கிவிட்டேன்.

அன்று வெள்ளிக்கிழமை. நான் காலையிலிருந்து விரதம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கும்போது நான் வேட்டி சட்டையோடு, கழுத்தில் கம்பியோடு வாசலில் நின்றேன். போனின் முகப்பை வெளிப்பக்கம் திருப்பி வைத்திருந்தோம், வருகிறவர்கள் சம்பந்தியம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசட்டும் என்று. அதனால் எல்லோருக்கும் அவர் தெரிந்தார். எனக்கு மட்டும் தெரியவில்லை. எனக்குப் போனின் முதுகுதான் தெரிந்தது.

வந்தவர்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக என் நெஞ்சைப் பார்த்துக் கும்பிட்டார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, எண்பது வயதுக்காரர், குனிந்து என் தொப்புளுக்கு மேலே, "கால் வலி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். பன்னீர் தெளிக்க நின்ற பெண் போன் மேலும் தெளித்துவிட்டாள். சரோஜா ஓடி வந்து முந்தானையால் சம்பந்தியின் முகத்தைத் துடைத்தாள். நான் பதிலுக்குக் குனிந்து கும்பிடும்போதெல்லாம் நெஞ்சிலிருந்து குரல் வந்தது. தரை நன்றாக இருக்கிறதாம், ஓடு எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டது.

அப்புறம் இடம் வலம் குழப்பம். சம்பந்தியம்மா "இடப்பக்கம் திரும்புங்க" என்பார். எதிரே நிற்கும் கோபாலும் அதையே கை காட்டிச் சொல்வான். அவர் சொன்னது என் இடப்பக்கம், அவன் காட்டியது அவன் இடப்பக்கம். நான் நடுவில் கோயில் தேர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அசைந்துகொண்டிருந்தேன். வெறும் வயிறு வேறு. தலை கிறுகிறுத்தது.

தட்டு மாற்ற இன்னும் கால் மணி நேரம் என்று ஐயர் சொன்னார். தர்ஷினி அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். கேட்டீர்களா என்று கண்ணாலேயே கேட்டாள். நான் அவசரமாக மாலைகளை எண்ண ஆரம்பித்தேன். இரண்டே மாலைதான் இருந்தன. திரும்பத் திரும்ப எண்ணினேன்.

அந்த நேரத்தில் கோபால் என் நெஞ்சைக் குனிந்து பார்த்துவிட்டு, "அலமாக், லைன் போச்சு லா, மச்சான். அந்தம்மா வாயத் தொறந்தபடியே நின்னுட்டாங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து மறுபடி கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு வடை வந்ததா என்று பார்க்கப் போய்விட்டான்.

எனக்கு உயிர் வந்தது. இதுதான் சமயம் என்று சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். போனைக் கழற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. கையில் இருந்தால் கைக்கு ஞாபகம் இருக்கும். கழுத்தில் இருந்ததை நான் மாலை போல மறந்தே போனேன். நின்ற படம் தானாகவே மறுபடி ஓடும் என்பதும் எனக்குத் தெரியாது.

எங்கள் சாமி அறையில் நடுவில் முருகன், வலப்பக்கம் மாரியம்மன். சாம்பிராணிப் புகை கண்ணைக் கரித்தது. இரண்டு கையையும் கூப்பினேன். சின்ன வயதிலிருந்தே வாய்விட்டு வேண்டுகிற பழக்கம் எனக்கு. மனசுக்குள் வேண்டினால் பாதியில் வேறு நினைப்பு வந்துவிடும்.

"முருகா, எனக்கு வாய் வரல. புள்ள மூணு வருஷம் கஷ்டப்பட்டுப் படிச்சுத் தாதி ஆயிருக்கு. வேலைய விட்டுட்டு பெக்கோக்ல உக்காருன்னா அது மூஞ்சி வாடிப் போயிடும். நான் கேக்கணும். ஆனா அந்தம்மா 'ஹலோ'ன்னதுமே கேக்க வந்தது மறந்து போயிடுது. பேச ஆரம்பிச்சா தோட்டத்துல காலையில ஆளுங்கள அதட்டிப் பெரட்டுக்கு வரிசையா நிக்க வைக்கிற மண்டோர் மாதிரி இருக்கு. பாவம், அதுவும் தனியா கெடக்குது, தனியா இருந்தா யாருக்கும் கோவம் வரத்தான் செய்யும். அதுக்கும் ஒரு நல்ல வழியக் காட்டு. இன்னிக்கு ஒரு முகூர்த்த நேரம் மட்டும் அந்த வாயக் கட்டி வை, சாமி."

"எந்த வாய?" என்று ஒரு பெண் குரல் கேட்டது.

எனக்கு உடம்பு முழுக்கச் சிலிர்த்துவிட்டது. கதவு சாத்தியிருக்கிறது. அறையில் நான் ஒருவன்தான். நான் முருகனிடம் கேட்டேன், பதில் பெண் குரலில் வருகிறது. அப்படியென்றால் யார்? மெல்ல வலப்பக்கம் திரும்பி மாரியம்மனைப் பார்த்தேன். புகைக்குள் அம்மன் கண் என்னையே பார்த்தது.

எத்தனை வருடக் கும்பிடு! அம்மன் பேசிவிட்டாள். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா?

"சம்பந்தியம்மா வாயத்தான், தாயே" என்றேன்.

பிறகு, "அவ அப்படி என்ன பேசிட்டா?" என்றது குரல்.

"தப்பா ஒண்ணும் பேசல, தாயே. நெறையப் பேசுது. எனக்கு இடமே குடுக்க மாட்டேங்குது."

குரல் எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. அம்மன் யார் குரலில் வேண்டுமானாலும் வருவாள் என்று நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டேன். கண்ணில் நீர் முட்டியது. இதற்கு மேல் நிற்கக் கூடாது என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன். கம்பி மடங்கியது. போன் எனக்கும் தரைக்கும் நடுவில் சிக்கி, விலா எலும்பில் குத்தியது.

"ஐயோ, கண்ணெல்லாம் இருட்டிப் போச்சு. எழுந்திருங்க சம்பந்தி" என்றது அம்மன்.

விழுந்தபடியே யோசித்தேன். எந்தச் சாமி என்னைச் சம்பந்தி என்று கூப்பிடும்? யோசிக்க யோசிக்க, தரையின் குளிர்ச்சி நெற்றியிலிருந்து கால் வரைக்கும் இறங்கியது.

எழுந்து உட்கார்ந்து போனை என் பக்கம் திருப்பினேன். சம்பந்தியம்மா. கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள். போனை டிவியில் இணைத்து, தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாராம். திடீரென்று முருகன் படமும் விளக்கும் திரையில் தெரிந்ததும், பாதிப் பேர் எழுந்து கும்பிட்டுக்கொண்டே என் வேண்டுதலை முழுசாகக் கேட்டிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மழை எப்படி என்றுதான் வந்தது.

"மழை கெடக்கட்டும். வேலைய விட மாட்டேன்னு பொண்ணு சொல்லுச்சா, நீங்களா சொல்றீங்களா?" என்று கேட்டார்.

"புள்ளதான் கேக்கச் சொல்லுச்சு. எனக்குப் பயமா இருந்துச்சு."

"எங்கிட்டயா பயம்?"

பொய் சொல்ல அது இடமில்லை. ஆமாம் என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒரு வார்த்தை பேச மாட்டாரா என்று நான் ஏங்கியது வாழ்க்கையிலேயே அப்போதுதான். கதவைத் தட்டி, நேரமாகிவிட்டது என்றாள் சரோஜா. சம்பந்தியம்மா, "என்னை முன்னாடி திருப்புங்க. வெளிய போங்க" என்றார். குரலில் இருந்தது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஹாலில் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். தட்டு வந்தது. என் பயத்தில் மகளின் கல்யாணத்தையே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். தர்ஷினி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். ஐயர் வாயைத் திறப்பதற்குள் என் நெஞ்சிலிருந்து சத்தம் வந்தது, தட்டு மாற்றும் முன்பு ஒரு வார்த்தை என்று.

"தர்ஷினி வேலைய விட வேணாம். ரெண்டு பேரும் ஜொகூர் பாருவுலயே இருக்கட்டும். மாசத்துல ரெண்டு தடவ இங்க வந்து என்கூட சாப்பிடணும். வரலேன்னா நான் சம்பந்தி கழுத்துலயே குடியிருந்துக்குவேன்" என்றார்.

சபை சிரித்தது. தர்ஷினி சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் முன்னால் மண்டியிட்டு, போனுக்கு நேராகக் கை கூப்பினாள். நான் அசையாமல் நின்றேன். அந்தக் கும்பிடு எனக்கில்லை என்று தெரியும். இருந்தாலும் அழுதுவிட்டேன்.

சடங்கு முடிந்த பிறகு, கழுத்துக் கம்பியை நான் கழற்றப் போகும்போது சம்பந்தியம்மா மெதுவாகச் சொன்னார். "மண்டோர்னு சொன்னதையும் கேட்டேன். தனியா கெடக்குதுன்னு சொன்னதையும் கேட்டேன். ரெண்டாவத இதுவர யாரும் சொன்னதில்ல."

மறுநாள் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். முருகன் சந்நிதியில் உடைப்பதா, அம்மன் சந்நிதியிலா என்று குழம்பி இரண்டு இடத்திலும் உடைத்தேன். மூன்றாவதாக ஒன்றைப் பெக்கோக்குக்குக் கொடுத்தனுப்பினேன். சம்பந்தியம்மா அதைச் சட்னி அரைத்துவிட்டதாகச் சொன்னார்.

இப்போது இரண்டு குடும்பத்திலும் யாருக்காவது அவரிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் நேரே அவரிடம் போவதில்லை. மாப்பிள்ளை புதுக் கார் வாங்க நினைத்தபோதுகூட என்னிடம்தான் வந்தார். "மாமா, கொஞ்சம் சாமி ரூமுக்குப் போயிட்டு வாங்களேன்" என்றார். கோபால், நான் திருநீறு பூசினாலே லைன் கிடைத்ததா என்று கேட்கிறான்.

போன மாதம் தர்ஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைப்பது பற்றி இரண்டு வீட்டிலும் பேச்சு நடந்தது. எனக்கு மனசில் ஒரு பெயர் இருந்தது, வழக்கம்போலச் சொல்லத் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் நேரத்துக்குச் சரியாகச் சம்பந்தியம்மாவே கூப்பிட்டார்.

"சம்பந்தி, சாமி ரூமுக்குத்தானே போறீங்க? போன வைக்காம அப்படியே போங்க. நீங்க பாட்டுக்கு வேண்டுங்க, நான் பாட்டுக்குக் கேட்டுக்கிறேன்."