ரவை அங்கிளும் மான் படம் போடாத பெட்டியும்

சிட்னியில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஆனால் துப்பாக்கிக்குள் போடுகிற தோட்டாவை, வெண்டைக்காய் வாங்குவது போல நுனி ஒடித்துப் பார்க்காத குறையாக ஆராய்ந்து, கடையிலேயே மலிவானதைத் தேடி வாங்கியவர் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். பிளாக்டவுனில் அவரை எல்லோரும் ரவை அங்கிள் என்பார்கள். முழுப் பெயர் அவர் பஸ் ஓட்டிய கம்பெனிக்குத் தெரிந்திருக்கும்.

அவர் வீட்டின் பின்பக்கம் இருந்த சின்ன ஃபிளாட்டில் நான் வாடகைக்கு இருந்தேன். மதுரையிலிருந்து வந்து உப்புமாவில் உயிர் வாழ்ந்துகொண்டிருந்த காலம். குடிவந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என்னிடம் அங்கிள் வந்தார்.

"தம்பி, மலிவு ரவை வந்திருக்காம். வாங்கப் போறன். வாறீரோ?"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. துணிப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறினேன்.

"எனக்கும் ரெண்டு கிலோ வேணும் அங்கிள்."

அவர் என்னைப் புது மரியாதையோடு பார்த்தார். "ரெண்டு கிலோவோ? அவ்வளவத்தையும் வச்சு என்ன சுடப் போறீர்?"

"தோசைதான் அங்கிள்."

அவர் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, கடை வாசலில் காரை நிறுத்தினார். உள்ளே போனால் சுவர் முழுக்கத் துப்பாக்கி. கடைக்காரர் அங்கிளின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார். அடுத்து என் துணிப்பையைப் பார்த்தார். நான் அதை மடித்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். இலங்கைத் தமிழில் துப்பாக்கி என்றால் துவக்கு, தோட்டா என்றால் ரவை என்பதை அன்றுதான் கற்றேன்.

விலை கூடின தோட்டா என்பதே உலகமகா ஏமாற்று என்பது அங்கிளின் கட்சி. அந்தப் பெட்டிகளில் கொம்பு விரித்த மான் படம் பளபளவென்று இருக்கும். அதைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இஞ்ச பாரும். இந்த மானுக்குத்தான் காசு. மான் என்ன, பெட்டியைப் பாத்துப்போட்டே விழுறது?"

அவருடைய துவக்கு பழைய போல்ட் வகை. ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்து, முன்னால் தள்ளினால்தான் அடுத்த ரவை உள்ளே போகும். அவருக்கு அந்த வகைதான் பிடிக்கும். ஒவ்வொரு தடவையும் இழுக்கும்போது, இன்னொன்றைச் செலவழிக்கத்தான் வேண்டுமா என்று யோசிக்க அவகாசம் கிடைக்குமாம்.

ஞாயிறுதோறும் சுடுகளத்துக்குப் போவோம். போகிற வழியில் மேய்ஸ் ஹில் முருகனைக் கும்பிட்டு, நெற்றியில் திருநீறோடு போய்ப் படுத்துக்கொண்டு குறிபார்ப்பார். நூறு மீட்டர் தள்ளிக் காகித அட்டை. நல்ல தோட்டா என்றால் ஓட்டைகள் எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கி விழ வேண்டும். மலிவுத் தோட்டாவில் வெடிமருந்து ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். அதனால் ஓட்டைகள் தாய்ப்பிள்ளை உறவே இல்லாமல் சிதறும். இதை அளக்க மற்றவர்கள் அடிக்கோல் வைத்திருந்தார்கள். அங்கிள் யாழ்ப்பாணத்தை வைத்திருந்தார். அட்டையின் நடுப்புள்ளி யாழ்ப்பாணம் டவுன்.

"தம்பி, தூரக்கண்ணாடியால பாத்துச் சொல்லும். எங்க போச்சுது?"

அவர் சொல்லிக்கொடுத்த வரைபடத்தின்படி நான் அறிவிப்பேன். "மேல போயிருச்சு அங்கிள். சுன்னாகம்."

"அடுத்தது?"

"வலது பக்கம். சாவகச்சேரி."

"மற்றது?"

"ரொம்பக் கீழே அங்கிள். அட்டையிலயே இல்ல."

"மன்னார்," என்று பெருமூச்சு விடுவார். "மன்னாருக்கு ஏன் போகுது இது? அங்க எங்களுக்கு ஒருத்தரும் இல்லையே."

ஒரு முறை விசையை அழுத்தினார். டிக் என்று சத்தம். வேறொன்றும் இல்லை. மலிவுத் தோட்டாவின் அடிமூடி சில சமயம் கட்டியாக இருக்கும், ஊசி குத்தினாலும் பற்றாது. தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்பதால், துவக்கை இலக்கின் பக்கமே பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். களத்தைக் கவனிக்கும் ஆஜானுபாகுவான பெண்மணி, அசையாதே என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"நான் அசையேல்ல எண்டு சொல்லும் தம்பி," என்றார் அங்கிள், கண்ணைக்கூட அசைக்காமல். "ரவையும் அசையேல்ல."

ஒன்றும் ஆகவில்லை. அந்தத் தோட்டாவை அவளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் அங்கிள் கடைக்குப் போன் போட்டார். பெட்டியில் இருபது என்று எழுதியிருக்கிறது, வெடித்தது பத்தொன்பதுதான், மிச்சம் ஒன்றை எப்போது தருவீர்கள் என்று கேட்டார். கடைக்காரர் என்ன சொன்னாரோ, அதன் பிறகு ஒரு மாதம் நாங்கள் வேறு கடைக்குப் போனோம்.

மலிவுத் தோட்டாவில் இன்னொரு சங்கடம், கரி. துவக்கின் குழாய் சீக்கிரம் அழுக்காகும். துடைக்க மெல்லிய பருத்தித் துணி வேண்டும். பழையதுதானே என்று அங்கிள் அலுமாரியில் ஒரு சேலையை எடுத்துச் சதுரம் சதுரமாக வெட்டி, குழாய்க்குள் விட்டு ஆனந்தமாக இழுத்துக்கொண்டிருந்தார். அங்கிளின் மனைவி, எனக்கு அன்ரி, கையில் கரண்டியோடு குசினியிலிருந்து வந்து பார்த்தார். அது கோயில் தேர்த் திருவிழாவுக்குக் கட்டுவதற்கென்று அவர் எடுத்து வைத்திருந்த சேலை.

அன்ரி சத்தம் போடவில்லை. என்னைக் கதிரையில் உட்காரவைத்து, நீதிபதியிடம் சொல்வது போலச் சொன்னார்.

"தம்பி, என்ர தாலிக்கொடி சீனிப் போத்தலுக்குப் பின்னால கிடக்கு. இந்த மனுசன்ர ரவைக்கு இரும்புப் பெட்டி, இரண்டு பூட்டு. இப்ப துவக்குக்குச் சீலையும் கட்டியாச்சு. இனி இரண்டு பேரும் சோடியாக் கோயிலுக்குப் போகட்டும்."

"அது சட்டம். பூட்டத்தானே வேணும்," என்றார் அங்கிள் மெதுவாக.

"சீலை வெட்டுறதும் சட்டமோ?"

அங்கிளுக்குத் திடீரென்று தோட்டத்தில் வேலை வந்துவிட்டது.

கடைசியில் ஒரு நாள் விடிவு பிறந்தது. சாம்பல் நிறப் பெட்டி. படம் இல்லை, பளபளப்பு இல்லை. பார்த்தால் எலிமருந்துப் பெட்டி போல இருக்கும். அங்கிள் அதிலிருந்து ஐந்து சுட்டார். நான் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"அங்கிள், எல்லாமே கொக்குவில்."

கொக்குவில் என்றால் டவுனை ஒட்டினாற்போல. அங்கிள் எழுந்து நின்று முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"துவக்குக்கும் நாக்கு இருக்குத் தம்பி. ஒண்டுக்குப் பிடிச்சது மற்றதுக்குப் பிடியாது. என்ர பிள்ளைக்கு இதுதான் ருசி."

பிளாக்டவுன் மளிகைக் கடையில் புழுங்கலரிசி எடுத்துக்கொண்டிருந்தவர்களைக்கூட நிறுத்தி இந்தச் செய்தியைச் சொன்னார். அடுத்த தடவை அதே சாம்பல் பெட்டியை, ஆனால் புதிதாக வந்த சரக்கை வாங்கி வந்தோம். முதல் ஓட்டை சாவகச்சேரி. இரண்டாவது சுன்னாகம். மலிவில் அதுதான் வினை. ஒரு சரக்கு போல மறு சரக்கு வருவதில்லை. அங்கிள் அன்று இரவு சாப்பிடவில்லை என்று அன்ரி சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ராப் கூப்பிட்டார். ராப் மலைகளுக்கு அந்தப் பக்கம் ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர். அங்கிள் இறைச்சிக்கு ஆடு வாங்குவது அவரிடம்தான். ஆடுகள் குட்டி போடும் பருவம். ஒரு நரி தினமும் வந்து குட்டிகளைக் கொண்டுபோகிறது, தனக்குக் கண் சரியில்லை, வந்து சுட்டுத்தர முடியுமா என்று கேட்டார். அங்கிள் உடனே ஓம் என்றார். சாவகச்சேரிக்குப் போகிற ரவையை வைத்துக்கொண்டு எந்த நரியை எங்கே சுடுவார்?

சனிக்கிழமை போனோம். வெயில் சாய்கிற நேரம், வேலியோரம் புல்லில் மூவரும் குப்புறப் படுத்திருந்தோம். அங்கிள் பையிலிருந்து தோட்டாப் பெட்டியை எடுத்தார். கொம்பு விரித்த மான், தங்க எழுத்துகளுக்கு நடுவே நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

"அங்கிள், இது மான் படம்."

"ஓம். கதையாதையும்."

"இதை எப்ப வாங்கினீங்க?"

"போன கிழமை. தனியப் போய் இதுக்கேத்த மாதிரி துவக்கின்ர ஸ்கோப்பையும் திருத்திப்போட்டு வந்தனான். அன்ரிக்குச் சொல்லிப்போடாதையும்."

நரி வந்தது. நேராக ஆட்டுக்கிடைக்கு முன்னால் நின்றது. ராப் மூச்சைப் பிடித்தார். அங்கிள் சுடவில்லை. ராப் அவர் தோளை இடித்தார். அப்போதும் சுடவில்லை. நரிக்குப் பின்னால் ஓர் ஆட்டுக்குட்டி நின்றிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நரி நகர்ந்தது, மேட்டுப்பக்கம் போனது, திரும்பி எங்களைப் பார்ப்பது போல நின்றது. பின்னால் வெறும் மண்மேடு. ஒரே வெடி. நரி நின்ற இடத்திலேயே மடிந்தது. துடிக்கக்கூட இல்லை.

ராப் எழுந்து ஆட்டமே போட்டார். அங்கிள் துவக்கை வெறுமையாக்கி வைத்துவிட்டு, நரிக்குப் பக்கத்தில் போய்க் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். நான் போய் நின்றேன்.

"ஏன் அங்கிள், மலிவுதானே உங்க கட்சி?"

"பேப்பருக்கு நோகாது தம்பி. அது சுன்னாகத்தில பட்டாலும் ஒண்டுதான், மன்னாரில பட்டாலும் ஒண்டுதான். இது உயிர். போறதெண்டா நோகாமப் போகோணும். அதில மிச்சம் பிடிக்கக் கூடாது."

காரில் ஏறியதும் மறுபடி பழைய மனிதர் ஆனார். மலை இறங்கும்வரை அந்தப் பெட்டியின் விலையைச் சொல்லிச் சொல்லிப் புலம்பினார். இடையில் பெட்ரோல் மலிவாக இருக்கிறது என்று வேறு ஊருக்குள் வண்டியைத் திருப்பி, வழி தவறி, அங்கேயே பெட்ரோலும் தீர்ந்து, நானும் அவருமாக வண்டியைத் தள்ளினோம்.

போன வருடம் அங்கிளும் அன்ரியும் மெல்போர்ன், நோபல் பார்க்கில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விட்டார்கள். அங்கிருந்து போன் பண்ணுவார். அங்கே ஒரு கடை, அதில் பச்சை நிறப் பெட்டி, யாரும் சீண்டாத மலிவு, முதல் நாளே கொக்குவில் என்று ஒவ்வொரு ஓட்டையாகச் சொல்வார். எனக்குத் துவக்கும் இல்லை, லைசென்ஸும் இல்லை. ஆனாலும் கேட்பேன்.

சென்ற வாரமும் அப்படித்தான் நீண்டுகொண்டே போனது. வைக்கும்போது கேட்டார், "உம்மை மினக்கெடுத்திப் போட்டன் போல. ஏதும் வேலையா இருந்தனீரோ?"

"இல்ல அங்கிள், சும்மாதான் இருக்கேன். சொல்லுங்க," என்றேன்.

அடுப்பில் சாம்பார் கருகிக்கொண்டிருந்தது.