எங்கள் ஊர்க் காற்று எப்போதும் இப்படித்தான்

புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் சந்தனப் பொட்டு வைக்காமல் தொட எனக்குத் தைரியம் வராது. (படித்தவளுக்குக் கண்ணூறு பயமா என்பீர்கள். கடல் ஒரு தரமும் சண்டை பல தரமும் உங்கள் வீட்டைக் காலியாக்கியிருந்தால் நீங்களும் வைப்பீர்கள்.)

சண்டை முடிந்த மறுவருடம், நான் படிப்பித்த கல்லடி ஊர்ப் பள்ளிக்கு ஒரு மடிக்கணினி வந்தது. நோர்வேப் பள்ளியொன்றோடு வீடியோவில் பேச வேண்டும். தலைப்பு: 'உலகக் குடிமக்களும் பசுமையான நாளையும்'. பேச்சு அவர்களுக்குப் பிடித்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வருடம் இணைய இணைப்பு. பிடிக்காவிட்டால் கணினியும் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

ஆங்கிலம் தெரிந்த குற்றத்துக்காகப் பள்ளி அதிபர் என்னைப் பிடித்தார். கூறைச்சேலை உடுத்தி, விட்டுவர ஆளில்லாத இரண்டு வயது மகளை மடியில் வைத்து உட்கார்ந்தேன். முதல் வேலையாக, திரையின் மேல்விளிம்பில் பொட்டுக்கென்றே செய்துவைத்தது போலிருந்த சின்ன வட்டத்தில் சந்தனத்தை அப்பினேன்.

அலையைத் தடுக்கும் கண்டல் மரம் நடுவதைப் பற்றி வெளுத்து வாங்கினேன். நோர்வேப் பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள். (திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் முழுக்க மஞ்சளாக இருந்தது. விளம்பரமாக்கும் என்று விட்டுவிட்டேன்.)

ஒரு சிறுமி தயங்கிக் கேட்டாள்: "உங்கள் ஊர்க் காற்று எப்போதும் இப்படித்தானா?"

"எப்போதும் இப்படித்தான். பின்னேரம் இன்னும் நன்றாக இருக்கும்!"

"மூச்சு விடக் கஷ்டமில்லையா?"

"வாவிக்கரைக்குப் போய் நெஞ்சு நிறைய இழுப்போம்."

"குழந்தைகளுமா?"

"பிறந்த நாளிலிருந்தே!"

அவர்களின் ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டார். என் பேச்சில் உருகிவிட்டார் என்று நினைத்தேன்.

பின்னால் நின்ற அதிபர் கிசுகிசுத்தார்: "என்ன டீச்சர், அதுகள் அழப்போகுதுகள். என்னத்தச் சொன்னீங்க?"

"காத்தப் பத்தித்தான் சேர்..."

அந்த நேரம் பார்த்து மகள் எட்டிப் பொட்டை வழித்துத் தன் நெற்றியில் பூசிக்கொண்டாள்.

"ஐயோ, எடுத்திட்டியா? திரும்ப வை புள்ள!" என்று அலறினேன்.

அங்கே முழு வகுப்பும் எழுந்து கைதட்டியது. எங்கள் முகங்களையும், யன்னலுக்கு அப்பால் பளிச்சென்று கிடந்த வாவியையும் அவர்கள் அப்போதுதான் கண்டார்கள்.

கமராவை மூடிய மஞ்சளை எங்கள் ஊர்ப் புகை என்று நினைத்துவிட்டார்கள் என்பது விளங்கியதும் சந்தனக் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியை கண்ணில் நீர்வரச் சிரித்தார். இணைப்புக் கிடைத்தது. மறுமாதம் அவர்கள் அனுப்பிய படத்தில் அவர்களுடைய கணினிக்கும் ஒரு பொட்டு, கமராவுக்கு நாலு விரல் தள்ளி.

இன்றைக்கும் நான் வீடியோவில் யாரோடாவது பேசத் தொடங்கினால் என் கணவர் அடுத்த அறையிலிருந்து கத்துவார்: "என்ன புள்ள, காத்து எப்பிடி?" மகளும் கூடச் சேர்ந்துகொள்வாள்.

இப்போது வரும் போன்களில் இரண்டு பக்கமும் கமரா. எதற்கு வம்பு என்று, பொட்டைச் சார்ஜருக்கு வைத்துவிடுகிறேன்.